ஞாயிறும் அணுவும்

கதிர் என்பது பலபொருளொருசொல். ஞாயிற்றினின்று புறப்படும் ஒளிக்கு அது பெயர். பயிரின் தலையிலே பால்கட்டி முற்றி வளைவதற்கும் அது பெயர். நூல் நூற்கும் கருவிக்கும் அதுவே பெயர். இவை போதாவென்று இக்காலக் கலைச்சொல்லாளர் மேலுமொரு பொருளை அதன்மேல் ஏற்றினர். யுரேனியம் முதலாய மூலகங்கள் தாமே சிதைந்து, கண்ணுக்குப் புலனாகா ஆற்றலைப் புறத்தே வீசுதலைக் 'கதிரியக்கம்' என்றனர். நூற்குங் கதிரை இங்கே விட்டுவிடலாம். அது காந்தியடிகளோடு போயிற்று. ஏனைய மூன்று கதிர்களும் இன்று வன்னி நிலத்தார் முன்னே ஒரு வழக்காகத் திரண்டு நிற்கின்றன.

வழக்கு இதுதான். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். அதனை ஞாயிற்றொளியினின்று பெறுவதா, அணுவைப் பிளந்து பெறுவதா? பொதுமக்களின் பணத்தையும் பொதுநிலத்தையும் எதன்பால் ஈடுபடுத்துவது? கொழும்பிலே பொறியியலாளரும் பொருளியலாளரும் பேசும் பேச்சு இது. தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் வினவுக. 2023 மார்ச்சு மாதத்தில், பூநகரிக் குளத்தையொட்டி 700 மெகாவாற்று வலுவுள்ள சூரிய மின்னிலையமும், 1,500 மெகாவாற்றுமணி கொள்ளும் பற்றறித் தொகுதியும் அமைப்பதற்கு இலங்கை அமைச்சரவை ஒப்புதல் வழங்கிற்று. அவுஸ்திரேலிய நிறுவனமொன்றின் முதலீடு. தொகை 172 கோடி டொலருக்கு மேல். மொட்டைக்கறுப்பன் விளைந்த மண்ணிலே வேறொரு கதிரை அறுவடை செய்ய வருகின்றார்கள். அந்நிலத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்பவன் வாய் வாளாதிருத்தல் எங்ஙனம்?

அணுவும் நமக்குத் தொலைவிலுள்ளதன்று. கூடங்குளத்து உலைகளுக்கும் கற்பிட்டிக் கரைக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 225 கிலோமீற்றர். கிளிநொச்சிக்கு முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். நம் நாடும் இத்துறையிலே கால்வைத்து நெடுநாளாயிற்று. சர்வதேச அணுசக்தி முகவராண்மையிலே இலங்கை 1957 ஆம் ஆண்டிலேயே உறுப்புரிமை பெற்றது. 2014 இல் அணுசக்திச் சட்டமொன்று நிறைவேறியது. 2015 பெப்புருவரியில் இந்தியாவோடு அணுசக்தி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2022 ஆம் ஆண்டிலே, அணுமின்னிலையம் அமைப்பதற்கு நாடு எவ்வளவு ஆயத்தமாயுள்ளது என்பதை ஆராய அம்முகவராண்மையின் வல்லுநர் குழுவொன்று வந்துசென்றது. அதே ஆண்டு ஏப்பிரல் 12 ஆம் நாளன்று இந்நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று அறிவித்ததும், அதற்குச் சின்னாள் முன்னர் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததும் வாசகர் மறந்திரார்.

ஞாயிறும் அணுவும் மின்தொழிலைப் பொறுத்தவரை இரட்டைப் பிள்ளைகள் என்பது பலரும் அறியாத செய்தி. 1954 ஏப்பிரல் 25 ஆம் நாள் அமெரிக்காவிலே பெல் ஆய்வுகூடத்தார், ஒளியை நேரே மின்னாக மாற்றும் சிலிக்கன் கலத்தை உலகினர்க்குக் காட்டினர். இரண்டு திங்கள் கழித்து, சூன் 27 இல், சோவியத்து நாட்டு ஒப்னின்சுக்கு நகரத்து அணுவுலை முதன்முதலாக மின்வடங்களுக்கு மின்னனுப்பியது. ஓர் ஆண்டிற் பிறந்த இரண்டனுள் ஒன்றுக்கு அரசுகள் பாலூட்டிச் சீராட்டின. மற்றொன்று விண்கலங்களின் முதுகிலேறி வானத்தே திரிந்தது. மண்ணிலே அதனை ஏறெடுத்துப் பார்ப்பாரில்லை. அணுவுலையின் பின்னே அணுகுண்டு நின்றது. சிலிக்கன் தகட்டின் பின்னே எந்தப் படைத்தளபதியும் நிற்கவில்லை. பொதுப்பணம் எங்கே பாய்ந்ததென்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை. எழுபதாண்டுகளின் பின் நிலை என்ன? 2024 ஆம் ஆண்டில் உலக மின்சாரத்திலே அணுவின் பங்கு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது. ஞாயிற்றின் பங்கு ஏறக்குறைய ஏழு. முன்னது 1990 களின் நடுவிலே நூற்றுக்குப் பதினேழளவில் நின்று இறங்கி வந்தது. பின்னது பதினைந்து ஆண்டுகளின் முன் கணக்கிற் கொள்ளத்தகாத சிறுமையினின்று ஏறி வந்தது.

அணுவை நம்மவர் முன்னரே அறிந்திருந்தனர் என்று மேடைதோறும் முழங்குவாருளர். அதற்கு ஔவையார் பெயரால் வழங்கும் குறட்சிறப்புப் பாடலைச் சான்று காட்டுவர். அது குறட்பாவின் செறிவைக் கூறவந்த உயர்வுநவிற்சி. அதனைப் பௌதிக நூலாக்குதல் புலவர்க்கும் நன்றன்று, பௌதிகத்துக்கும் நன்றன்று. மெய்யாகவே பெருமைப்படத்தக்க செய்தி வேறொன்றுண்டு. கலைமேதை ஆனந்த குமாரசுவாமியை நாம் நடராச வடிவத்தின் விளக்கவுரையாளராகவே அறிவோம். அவர் தொழில்முறையிற் கனிப்பொருளியலறிஞர். இலங்கைக் கனிப்பொருளளவையின் தலைவராயிருந்தபோது, 1904 இல், தோரியனைற்று என்னும் கதிரியக்கக் கனிமத்தை இந்நாட்டிலே கண்டறிந்தவர் அவரே. முல்லைத்தீவு மாவட்டத்தின் தெற்கெல்லையைத் தாண்டினால் வரும் புல்மோட்டைக் கரிமணலிலும் இல்மனைற்று, உரூட்டைல் முதலியவற்றோடு மொனசைற்றுச் சிறிதளவு கலந்திருக்கின்றது, மொனசைற்றினுள்ளே தோரியமுண்டு. தோரியத்தை அடிப்படையாகக் கொண்டே இந்தியாவின் மூன்றுகட்ட அணுத்திட்டத்தை ஓமி பாபா 1954 இல் வகுத்தார். எழுபதாண்டு கடந்தும் அதன் மூன்றாங் கட்டம் மின்சாரம் தரவில்லை. இரண்டாங் கட்டத்தின் வாயிலாகிய கல்பாக்கத்து 500 மெகாவாற்று ஈனுலையின் கட்டடவேலை 2004 இல் தொடங்கிற்று. அதனுள் எரிபொருள் ஏற்றும் பணியைத் தொடக்கிவைத்தது 2024 மார்ச்சில். ஆகவே, மணலிலே தோரியமிருக்கின்றதென்று நாம் மனக்கோட்டை கட்டவேண்டுவதில்லை.

இனி, இருளைப் பற்றிச் சில சொல்லவேண்டும். மின்சாரத்தைப் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் அது எந்நேரமும் இருந்த இடத்திலிருந்துகொண்டே ஆராய்கின்றனர். 1990 களில் வன்னியிலே மின்வடம் இல்லை. அநுராதபுரத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் சென்ற உயரழுத்தப் பாதை போரில் அழிந்துபோயிற்று. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. பற்றறியும் உட்புக முடியாத பொருளாயிற்று. அக்காலத்து இளம் ஆசிரியனாயிருந்த நானும் என் மாணாக்கரும் ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சை வைத்து, அது நனையுமளவு எண்ணெய் விட்டு, நூற்றிரி கொளுத்தி அதன் வெளிச்சத்திலே நன்னூல் படித்தோம். சுடர் பெரிதாயின் எண்ணெய் தீரும். சிறிதாயின் எழுத்துத் தெரியாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். செய்தி நீளுமாயின் சுழற்றுபவன் களைத்து, அறிவிப்பாளர் குரல் தேய்ந்துவிடும். ஓர் அலகு மின்சாரத்தின் விலை என்னவென்பதை மின்பட்டியலால் அறிந்தோமல்லேம், தோள்வலியால் அறிந்தோம். 2009 இற் போர் முடிந்தபின்னரே மீண்டும் வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கி உயரழுத்தப் பாதை நிறுவப்பட்டது. இதனை நினைவிற்கொண்டோர் எவரும், 'மின்சாரம் வேண்டாம், பழைய விளக்கே போதும்' என்று கவிதை பாடமாட்டார். சூரிய மின்னுக்காக வாதாடுவோருள் அத்தகையார் சிலருண்டு. அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்விடத்திலே தமிழ்நாட்டின் அனுபவம் பெரிதும் துணைசெய்யும். ஏனெனில் இவ்விரு வகையும் அங்கே ஒரே தென்கரையிற் கண்முன் நிற்கின்றன. திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்திற்கு 1988 நவம்பரில் இராசீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பமிட்டனர். கட்டட வேலை தொடங்கியது 2002 இல். முதலாவது 1,000 மெகாவாற்று உலை வணிகமுறையில் மின்விற்கத் தொடங்கியது 2014 டிசெம்பர் 31 அன்று. ஒப்பந்தத்துக்கும் மின்னுக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள். இடையே இடிந்தகரை மீனவரின் நீண்ட அறப்போர் நிகழ்ந்தது. 2012 செப்ரெம்பர் 10 அன்று மணப்பாட்டிலே காவற்றுறையின் துப்பாக்கிச்சூட்டில் மீனவரொருவர் மாண்டார். 2013 மே 6 இல் இந்திய உச்சநீதிமன்றம் உலையை இயக்கத் தடையில்லையெனத் தீர்ப்பளித்தது. இதன் மறுபுறத்தையும் கூறவேண்டும். அந்த 2012 ஆம் ஆண்டிலே தமிழ்நாடு பலமணிநேர மின்வெட்டால் வாடிற்று. கோவையிலும் திருப்பூரிலும் பட்டறைகள் மூடிக்கிடந்தன. உலை வேண்டுமென்றவர்கள் எல்லாரும் கல்நெஞ்சரல்லர். அவரும் இருளிலிருந்தே பேசினர்.

இராமநாதபுர மாவட்டத்துக் கமுதியின் கதை வேறு. சீமைக்கருவேல் அடர்ந்த வானம்பார்த்த பூமியிலே, 2,500 ஏக்கரில், 648 மெகாவாற்றுச் சூரிய மின்னிலையமொன்று எட்டுத் திங்களில் எழுந்து, 2016 செப்ரெம்பரில் இயங்கிற்று. இருபத்தாறு ஆண்டெங்கே, எட்டுத் திங்களெங்கே! ஆயினும் கமுதியைப் பாடுவோர் அதன் விலையையும் பாடவேண்டும். அந்த மின்னுக்குத் தமிழ்நாடு இசைந்த விலை அலகொன்றுக்கு 7 ரூபா 1 காசு. 2017 மேயில் இராசத்தானத்துப் பட்லாவிலே 2 ரூபா 44 காசுக்கு மின்தர முதலாளிகள் முன்வந்தனர். தகட்டின் விலை ஆண்டுதோறும் சரியும்போது, இருபது இருபத்தைந்தாண்டுக்கு ஒரே விலையிற் கையைக் கட்டிக்கொடுத்தவர் கண்ட பயன் இது. மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்கவிருந்த அதே அதானி குழுமத்துக்கு, 2024 இல் அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதமென இருபதாண்டுக்கு விலை தீர்த்ததும், புதிய அரசு அவ்விலையை மீளாய வேண்டுமென்றதும், 2025 பெப்புருவரியில் அக்குழுமம் திட்டத்தைவிட்டு விலகியதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கன.

அணுவுக்குச் சார்பான கணக்கொன்றையும் மறைத்தலாகாது. ஞாயிறு இரவிலே இல்லை. மார்கழி முகிலிலே பாதியில்லை. ஆகவே 700 மெகாவாற்று எனப் பெயர்பெற்ற சூரிய நிலையம், ஆண்டு முழுவதுஞ் சராசரி பார்க்குமிடத்து நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து மெகாவாற்று அளவே தரும். ஆயிரம் மெகாவாற்று அணுவுலை நன்கியங்கின் சராசரி எண்ணூறு தரும். அவ்வோர் உலைக்கு ஈடாகச் சூரியத்தகடு விரிப்பதாயின், கமுதியின் அளவைக்கொண்டு கணிக்க, பதினேழாயிரம் ஏக்கர் வேண்டியிருக்கும். 'ஒளி இலவசம்' என்பார் நிலம் இலவசமன்று என்பதை நினைவதில்லை. நிலத்திற்காக இவ்வளவு இரத்தம் சிந்திய மாவட்டங்களிலே, மீள்குடியேறியவர் தம் காணிக்கு உறுதி கிடையாது அலைகின்ற இடங்களிலே, ஆயிரமாயிரம் ஏக்கர் என்பது வெறும் எண்ணன்று.

எனினும் ஒரு சிறு தீவுக்கு ஆயிரம் மெகாவாற்று உலை பொருந்துமா? இந்நாட்டின் உச்சத்தேவையே மூவாயிரம் மெகாவாற்றுக்குட்பட்டது. நுரைச்சோலை அனல்நிலையத்தின் 300 மெகாவாற்று இயந்திரமொன்று நின்றாலே நாடு தடுமாறுகின்றது. மூன்றிலொரு பங்கு ஒரே உலையைச் சார்ந்திருக்க, அது திடீரென நிற்குமாயின் என்னாகும்? வண்டியின் நுகத்திலே ஒருபுறம் யானையையும் மறுபுறம் ஆட்டுக்குட்டியையும் பூட்டியது போலாகும். சிற்றுலைகள் வருமென்கின்றனர், வரட்டும், வந்து சிலகாலம் பிறநாட்டிலே ஓடட்டும். விலையும் பாருங்கள். வங்காளதேசம் உரூப்பூரில் 1,200 மெகாவாற்று உலைகள் இரண்டை உருசியக் கடனிலே கட்ட முனைந்தது. ஒப்பந்தத்தொகை 1,265 கோடி டொலர். நாம் முறிந்துவிழுந்தபின் சர்வதேச நாணய நிதியம் 2023 இல் தவணைமுறையிலே தர இசைந்த கடன் அதன் நாலிலொரு பங்குக்கும் குறைவு. அதற்கே எத்தனை நிபந்தனை, எத்தனை வரி!

சூரியனார் பக்கமும் குறையில்லாமலில்லை. 2025 பெப்புருவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலிலே நாடுமுழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறைத் துணைமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததென்று அமைச்சர் கூற, உலகம் நகைத்தது. நகைப்புக்குள்ளே ஒரு மெய் மறைந்துபோயிற்று. விடுமுறைநாளாதலின் தேவை குறைவு. வெயில் மிகுதியாதலின் சூரிய மின் நிறைவு. பம்பரம்போற் சுழன்று அதிர்ச்சியைத் தாங்கவல்ல பெருஞ்சக்கர இயந்திரங்கள் அவ்வேளை மிகச்சில. அதனாலேயே சிறு பழுது பேரிடராயிற்று. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, கூரைத்தகடு வைத்தோர் பகலிலே அவற்றை நிறுத்திவைக்கவேண்டுமென்று மின்சார சபை வேண்டிக்கொண்டது. 2022 இல் விளக்கெரிக்க மின்னின்றித் தவித்த நாடு, மூன்றாண்டில், மின் மிகுந்ததென்று வெயிலை வேண்டாமென்றது! வன்னியிலே மழைநீர் கடலுக்கு ஓடுவதைப் பார்த்தவர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும். மாரியிற் பெய்வதைக் கோடைக்கு வைத்திருக்கக் குளம் வேண்டும். பகலிற் பெய்வதை இரவுக்கு வைத்திருக்கவும் ஒரு குளம் வேண்டும். பற்றறி அத்தகைய குளம். பகல்மின்னால் நீரை மலைமேலேற்றி இரவிலே இறக்கும் மகா ஓயாத் திட்டமும் அத்தகையதே. குளமின்றி வாய்க்கால் வெட்டிய கதைதான் இதுகாறும் நடந்தது.

அணுவின்பாற் கேட்கவேண்டிய வினா வேறு. 2004 டிசெம்பர் 26 அன்று எழுந்த அதே ஆழிப்பேரலை முல்லைத்தீவையும் அழித்தது, கல்பாக்கத்தையும் தாக்கியது. கல்பாக்கத்தில் இயங்கிய உலை ஊறின்றி நிறுத்தப்பட்டது; அதனை இயக்கியோர் திறமையைப் பாராட்டவேண்டும். ஆறாண்டு கழித்து, 2011 மார்ச்சு 11 இல், சப்பானின் புக்குசிமாவிலே அலை மதிலைத் தாண்டியபோது அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. ஆயின் என்னை மிகவும் கலக்குவது விபத்தன்று. விபத்தேயின்றி எஞ்சும் கழிவு. புளுத்தோனியத்தின் வீரியம் பாதியாகக் குறைய இருபத்துநாலாயிரம் ஆண்டு செல்லும். அதனைப் புதைத்த இடத்திலே, 'இங்கே தோண்டாதே' என்று எழுதிவைக்க வேண்டும். எந்த மொழியில்? எவ்வெழுத்தில்? இது என் கற்பனையன்று. அமெரிக்க அரசு 1981 இல் இதற்கெனவே ஒரு குழு அமைத்து, தோமசு செபியோக்கு என்னும் குறியியலறிஞரையும் அழைத்துக் கேட்டது.

மொழி கற்பிப்பவன் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவன். மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுக்கள் 1882 இற் கண்டறியப்பட்டன. அவற்றிலுள்ளது தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924 இல் எடுத்துக்காட்டும்வரை, அம்மொழியைப் பேசுவோர் நடுவிலேயே அவை படிப்பாரற்றுக் கிடந்தன. அவற்றின் அகவை இரண்டாயிரத்துச் சொச்சம். மொழி அழியவில்லை, அதனைப் பேசிய மக்கள் அழியவில்லை, இருந்தும் எழுத்து மறந்துபோயிற்று. சங்கப் பாட்டுக்கு உரையின்றிப் பொருள்காண நம்மில் எத்துணைப்பேரால் இயலும்? இரண்டாயிரம் ஆண்டிலே இந்நிலையாயின், இருபத்துநாலாயிரம் ஆண்டுக்கு எந்த நச்சினார்க்கினியர் உரை எழுதுவார்? பொறியியலாளர் இதற்குக் கண்ணாடியிலுருக்கியும் பாறைக்குடைவிலிட்டும் வழிசெய்கின்றனர். பின்லாந்திலே அத்தகைய குடைவொன்று வெட்டப்பட்டுள்ளது. பொருளுக்குச் செம்பு உறை இடலாம். சொல்லுக்கு அத்தகைய உறை இல்லை.

ஆகலின் என் கருத்து ஞாயிற்றின் பக்கமே சாய்கின்றது. சாய்ந்தபின்னரும் பூநகரித் திட்டத்தை அப்படியே ஏற்க மனம் ஒருப்படவில்லை. பொதுமுதலீடு என்பது யாது என்பதைக் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு எடுத்துரைத்த புறநானூற்றுப் பாடல் மாணாக்கர் அறிந்ததே. தலையாலங்கானத்து வென்றவனிடம் அவர் கேட்டது இன்னொரு படையெடுப்பையன்று. தாழ்ந்த நிலந்தோறும் நீரைத் தேக்குக என்பதையே. அரசன் தேக்கிய நீர் எல்லார் வயலுக்கும் பாயும். இரணைமடுவும் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் இன்னும் அவ்வாறே பாய்கின்றன. சூரிய மின்னிலே அந்த முறை எங்கே? 2016 இலே தொடங்கிய கூரைத்தகட்டுத் திட்டம் கைம்முதல் உடையவனுக்கே கைகொடுத்தது. தகடு வாங்கி மின்விற்றவன் மாதந்தோறும் பணம்பெற்றான், ஓலைவீட்டிலிருந்தவன் ஏறிய கட்டணத்தைக் கட்டினான். இந்திய வீட்டுத்திட்டத்தால் எழுந்த ஓட்டுக்கூரைகள் வன்னியெங்கும் வெயிலிலே வெறிதே காய்கின்றன. பாடசாலைக் கூரைகளும் கூட்டுறவுச் சங்கப் பண்டசாலைகளும் அவ்வாறே. அரசு பெருங்கடன் பட்டாயினும் முதலிடவேண்டிய இடம் அதுவென்பேன். அதற்கு ஒரு சாண் வயலும் போகாது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மண்ணெண்ணெய் இயந்திரத்தால் நீரிறைக்கும் தோட்டக்காரன் வெயிலாலே இறைக்கட்டும். வெயில் ஏறும்போதே பயிருக்கும் தாகம் ஏறுகின்றதாதலின், அங்கே பற்றறியும் வேண்டுவதில்லை.

பூநகரியிலே பெருநிலையந்தான் வரவேண்டுமென்றால், கமுதிக் கணக்கின்படி அதற்கு 2,700 ஏக்கர் வேண்டும். அவற்றுள் மேய்ச்சற்றரை எவ்வளவு, குளத்தின் நீரேந்து பரப்பு எவ்வளவு, கால்நடை செல்லும் வழி எது, தகடு கழுவ எந்நீர், மின்விலை எத்தனையாண்டுக்கு ஒருமுறை மீளாயப்படும், பற்றறி முதிர்ந்தபின் அக்கழிவை எவர் எடுத்துச்செல்வர் என்பனவெல்லாம் ஒப்பந்தத்திலே எழுதப்பட வேண்டியவை. அவ்வொப்பந்தம் ஆங்கிலத்திலிருந்து அரைகுறையாகப் பெயர்த்த தமிழிலன்றி, பூநகரிக் கமக்காரன் வாசித்து வாதாடத்தக்க தமிழிலே, கையொப்பம் வீழ்வதற்கு முன்னரே, பிரதேச செயலகத்துச் சுவரிலே ஒட்டப்படல் வேண்டும். மொழிபெயர்ப்புக்கு ஆளில்லையென்று எவரேனும் கூறுவாராயின், எம் கல்லூரியிலே பயின்று வேலையின்றியிருக்கும் பண்டிதர் பலருளர், அவரை அழைக்கலாம்.